மேபுவாவைத் தூக்கிய மூன்று நாள்

ஒருவர் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை. வட தாய்லாந்தில், சியாங்மாய் நகரத்துப் பாதிரிமார் பள்ளியில் எட்டு வருஷம் படித்ததில் எனக்கு ஒட்டியது ஆங்கிலம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, மே சேம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊருக்குக் கீழே யானைக் காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கிறேன். மரம் இழுத்தும் சவாரி சுமந்தும் ஓய்ந்துபோன யானைகளை வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து அங்கே விட்டிருக்கிறது. அவற்றுக்குப் புல் வெட்டவும், பரங்கிக்காய் நறுக்கவும், சாணி அள்ளவும் எங்கெங்கோ இருந்து வாலண்டியர்கள் வருவார்கள். ஒருமுறை ஐஸ்லாந்திலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்து ஒரு மாதம் சாணி அள்ளிவிட்டு, கிளம்பும்போது அழுதார்.

பாகன்மார் எல்லாரும் எங்கள் கரேன் மலையினத்து ஆட்கள். அவர்களுக்கு இது தீராத வேடிக்கை.

"இவங்க ஊர்ல சாணியே கிடையாதா, தம்பி?" என்று பாலூ அண்ணன் கேட்பார். காப்பகத்துப் பாகன்களில் மூத்தவர் அவர்.

"இருக்கு அண்ணே. அங்க மெஷின் அள்ளிடுது."

"அதான பார்த்தேன். கையால அள்ளி ஆசை தீரல."

என் பெரியம்மா மகள் மூ லே அக்காவிடம்தான் காப்பகத்துச் சமையல். அவள் புருஷன் சோ டே மச்சான், மேபுவா என்ற கிழட்டுப் பெண்யானைக்குப் பாகன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரே சட்டிச் சோற்றைத் தின்றார்கள். ஒன்பது வருஷமாக ஒருவரோடொருவர் பேசியதில்லை. அதனால் வாலண்டியர்களுக்குப் பேசுவதோடு இவர்களுக்கும் நான் பேச வேண்டியிருந்தது. ஒரே மொழியிலிருந்து அதே மொழிக்கு.

"அந்த ஆள்கிட்டச் சொல்லு, கூரைத் தகரத்துல ஓட்டை விழுந்திருக்கு, மழைக்கு முன்னால அடைக்கணும்னு."

யானைக் கொட்டகைக்குப் போய்ச் சொல்வேன்.

"தெரியும்னு சொல்லு," என்பார் மச்சான்.

திரும்பி வந்து, "தெரியுமாம் அக்கா," என்பேன்.

"தெரிஞ்சா ஏன் ஒழுகுதாம்?"

அதையும் கொண்டுபோவேன்.

எங்கள் ஊரில் தலைப்பிள்ளை பிறந்தபின் பெற்றவர்களை அவர்கள் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தாவா பிறந்ததும் சோ டே 'தாவா அப்பா' ஆனார். மூ லே 'தாவா அம்மா' ஆனாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. பத்தொன்பது வயதில் தாவா செத்துப்போனான். கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை. கடைக்காரர் கூப்பிட்டாலும், அடுத்த வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தாலும், அவர்கள் காதில் முதலில் விழுவது மகன் பெயர்தான்.

தாவாவைக் கொன்றது மேபுவா.

அப்போது அது அவர்கள் சொந்த யானை. சோ டேயின் தாத்தா காலத்தில் தேக்கு இழுத்தது. மரம் வெட்டத் தடை வந்தபின், நெடுஞ்சாலை ஓரத்துச் சவாரி முகாம் ஒன்றில் அம்பாரி கட்டிச் சுற்றுலாக்காரர்களைச் சுமந்தது. அப்பாவும் மகனும் அங்கே பாகன்கள். சொங்க்ரான் புத்தாண்டுப் பண்டிகை வாரத்தில் ஒரு நாள், ஏறுமேடைத் தூணுக்கும் யானையின் பின்பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டு தாவா நசுங்கினான். 'திடீர்னு அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு' என்று மச்சான் ஊருக்கு வந்து சொன்னார். கொலைகார யானையை முகாமில் வைத்துக்கொள்ளமாட்டோம் என்றார்கள். அறக்கட்டளை வந்து வாங்கிக்கொண்டது. "வேற ஆள் சொன்னா அவ கேக்கமாட்டா," என்று மச்சானும் கூடவே வந்து சம்பளப் பாகனாகச் சேர்ந்தார்.

ஊரில் பேசாத பேச்சில்லை. பெற்ற பிள்ளையைக் கொன்றதை ஒரு மனிதன் தினமும் ஆற்றுக்கு ஓட்டிப்போய், தேங்காய் நாரால் காது மடல்வரை தேய்த்துக் குளிப்பாட்டுகிறான். நகத்துக்கு எண்ணெய் போடுகிறான். மாடு கட்டும் கயிறுகூட அதன் காலில் கட்டுவதில்லை. "மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை ஆகாது," என்பார் பாலூ அண்ணன். "எனக்குப் பயமா இருக்கு அவனைப் பார்த்தா."

இரண்டு வருஷம் கழித்துக் காப்பகத்துக்குச் சமையலாள் தேவைப்பட்டபோது அக்கா வந்தாள். வாலண்டியர்களுக்கு முட்டையும் கீரையும் சோயாக்கட்டியும் சமைத்தாள். மேபுவாவுக்குக் கடைவாய்ப் பல் தேய்ந்துபோயிருந்தது. புல்லை மென்று விழுங்க முடியாது. அதற்குத் தனிச் சமையல்: சோறு, பரங்கிக்காய், வாழைப்பழம், புளி, கொஞ்சம் உப்பு எல்லாம் சேர்த்துக் குழைய வேகவைத்து, தேங்காய் அளவு உருண்டை. தினமும் நாற்பது உருண்டை. அக்கா உருட்டித் தட்டுவண்டியில் அடுக்கி அனுப்புவாள். சமையற்கட்டிலிருந்து கொட்டகை இருநூறு எட்டுதான் இருக்கும். ஏழு வருஷத்தில் ஒருநாள் அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

"எட்டிப் பார்த்தா என்ன அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு அடுப்பு வேலை இருக்கு."

மகனைக் கொன்றதைப் பார்க்க எந்தத் தாய்க்குப் பொறுக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தாவா விஷயம் வாலண்டியர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. கொட்டகை முன்னால் மேபுவாவின் படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பலகை இருந்தது. 'இரக்கமற்ற உரிமையாளர் இவளை நாற்பது ஆண்டுகள் சித்திரவதை செய்தார். இப்போது இவள் அன்பை மட்டுமே அறிவாள்.' அந்த உரிமையாளர் அந்தப் பலகைக்குக் கீழேதான் தினமும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். ஒருநாள் கேட்டார்: "இதுல என்னடா எழுதியிருக்கு?"

"மேபுவாவோட பேரும் வயசும் மச்சான்."

"அதுக்கு இவ்வளவு எழுத்தா?"

"அவங்க எழுத்து சின்னது. நிறைய வேணும்."

ஆன்னெகே என்ற கிழவி அப்போது நான்காவது வருஷமாக வந்திருந்தாள். ஹாலந்துக்காரி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல உயரம், பெரிய கைகள், வெயிலில் உரிந்த மூக்கு. வேலையில் பாகன்மாருக்குச் சளைக்கமாட்டாள். மேபுவாவோடு தன் மொழியில் பேசிக்கொண்டே இருப்பாள். யானை காதை மெல்ல அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் மதியம் சமையற்கட்டுக்கு வந்து, மூ லே அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இவளிடம் சொல். இவ்வளவு சாந்தமான ஒரு ஜீவனின் பக்கத்தில் வாழக் கொடுத்துவைத்திருக்கிறாள். என் வீட்டில் எனக்கு யாருமில்லை. இவள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

"சோறு நல்லாருக்குன்னு சொல்றாங்க அக்கா."

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "சோறு நல்லாருக்குங்கிறதுக்குக் கண்ணு கலங்குவாங்களா?"

"காரம்."

"சரி," என்றாள் அக்கா. அன்றிலிருந்து ஆன்னெகே தட்டில் மிளகாய் போடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருஷம் புகை அதிகம். மலைச்சரிவுகளில் மக்காச்சோளத் தட்டையை எரிக்கும் புகை மார்ச்சில் இறங்கி, ஏப்ரல் கடைசிவரை பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை. சூரியன் பழுத்த பாக்குப்போல மேலே தொங்கியது. சாம்பல் பறந்து துணிமேல், சோற்றின்மேல், யானைகளின் முதுகின்மேல் விழுந்தது. வாலண்டியர்கள் முகமூடியோடு புல் வெட்டினார்கள். ஆறு கணுக்காலுக்கு வற்றிவிட்டது.

அந்தப் புகைக்குள் ஒரு வியாழக்கிழமை காலை மேபுவா விழுந்தது.

குளிப்பாட்ட ஓட்டிப் போக மச்சான் வந்தபோது, இடது பக்கமாகச் சரிந்து கிடந்தது. தரையில் காலால் அரைவட்டமாக மண்ணைக் கீறியிருந்தது. எழ முயன்றிருக்கிறது. கிழட்டு யானை ஒருமுறை விழுந்தால் அதன் எடையே அதை அமுக்கிக் கொல்லும். நுரையீரல் நசுங்கும். கீழ்ப்பக்கச் சதை செத்துப்போகும். பாகன்களுக்கு இது யாரும் சொல்ல வேண்டியதில்லை.

யானை டாக்டர் நாரிசா டவுனிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள். தாய்லாந்துக்காரப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். காது நரம்பில் மருந்துநீர் ஏற்றினாள். சாலை வேலைக்கு வந்திருந்த பொக்லைனைக் கேட்டு வாங்கி வந்தோம். அகலமான பட்டைகளை யானையின் வயிற்றுக்குக் கீழே நுழைக்கவே இரண்டு மணி நேரம் பிடித்தது. வாலண்டியர்கள் வைக்கோல் மூட்டை சுமந்தார்கள். மச்சான் யானையின் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பொக்லைன் கை மெல்ல உயர்ந்தது. மேபுவா ஒரு காலை ஊன்றியது, பிறகு இன்னொன்றை. நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆன்னெகே மச்சானைக் கட்டிக்கொண்டாள். அவர் கட்டை மாதிரி நின்றார்.

முக்கால் மணி நேரம் நின்றது. பிறகு முழங்கால் நடுங்கி, மறுபடி அதே பக்கமாகச் சரிந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை தூக்கினோம். முதல் முறை பத்து நிமிஷம் நின்றது. இரண்டாவது முறை காலை ஊன்றவே இல்லை. பட்டை அழுத்திய இடத்தில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. மச்சான் ஒரு கோழியும் குடுவையில் அரிசிச் சாராயமும் கொண்டுவந்து, யானையின் காதில் வெள்ளை நூல் கட்டி, எங்கள் வழக்கப்படி அதன் உயிரைத் திரும்பக் கூப்பிட்டார். காட்டில் இருந்தாலும் வா, ஆற்றில் இருந்தாலும் வா, மரம் இழுத்த பாதையில் இருந்தாலும் வா. குரல் உடைந்து அவரால் முடிக்க முடியவில்லை. பாலூ அண்ணன் மிச்சத்தைச் சொல்லி முடித்தார்.

வாலண்டியர்கள் இதையெல்லாம் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் மேபுவாவுக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சேதி வந்துகொண்டே இருந்தது. 'கைவிடாதீர்கள்' என்று எழுதினார்கள்.

தேநீர் வாங்கச் சமையற்கட்டுக்குப் போனேன். அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் சாப்பிட்டானா?"

"இல்ல அக்கா. நேத்துலேருந்து தண்ணி மட்டும்தான்."

"யானை?"

"வாயில வச்சா வச்ச மாதிரியே இருக்கு."

கொஞ்ச நேரம் கரியைக் கிளறினாள். "எந்தப் பக்கமாப் படுத்திருக்கா?"

'படுத்திருக்கா' என்ற சொல் என் காதில் உறுத்தியது. தாவா செத்தபின் ஊரில் நாங்கள் எல்லாரும் அந்த யானையை 'அது' என்றுதான் சொல்வோம். 'அவ' என்று சொல்வது மச்சான் ஒருவர்தான்.

"இடது பக்கம்."

"கண்ணு தெறந்திருக்கா?"

"தெறந்துதான் இருக்கு. தண்ணி வடியுது."

அன்றும் நாற்பது உருண்டை உருட்டினாள். ஒன்றுகூடக் குறைக்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வெயில் கொதித்தது. பச்சை வலையை நான்கு மூங்கிலில் கட்டி நிழல் போட்டிருந்தோம். ஆன்னெகே ஈரச்சாக்கை யானையின் முதுகில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். மேபுவாவின் மூச்சு ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. டாக்டர் நாரிசா கையுறையைக் கழற்றிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மச்சானிடம் வந்தாள். அவளுக்கு எங்கள் மொழி வராது. மச்சானுக்குத் தெரிந்த தாய்லாந்துப் பேச்சு சந்தைக்குத்தான் போதும்.

"இனிமேல் முடியாது என்று சொல்," என்றாள். "கீழ்ப்பக்கம் அழுக ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளோ மூன்று நாளோ இப்படியே கிடந்து சாகும். ஊசி போட்டு அனுப்பிவிடலாம். மேலிடத்தில் கேட்டுவிட்டேன், இங்கே இருப்பவர்களே முடிவு செய்யுங்கள் என்கிறார்கள். எனக்கு இவர் சம்மதம் வேண்டும். இவர் தலைமாட்டில் இருந்து அமைதியாக வைத்துக்கொண்டால்தான் நான் நரம்பில் ஏற்ற முடியும்."

சொன்னேன். மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை. யானையின் கழுத்தில் சாய்ந்தபடி, "இன்னொரு தடவை தூக்கச் சொல்லு," என்றார்.

"தோல் கிழியுது மச்சான்."

"இன்னொரு தடவை. நிப்பா. எனக்குத் தெரியும்."

பாலூ அண்ணன் பக்கத்தில் குந்தினார். "தாவா அப்பா, நாம எத்தனை யானை பார்த்திருக்கோம். மூச்சைக் கேளு. உனக்குத் தெரியாததா?"

"நீ சும்மா இரு அண்ணே. உன் யானை நின்னுகிட்டிருக்கு."

பாலூ அண்ணன் எழுந்து போய்விட்டார்.

டாக்டர் என்ன சொன்னாள் என்று ஆன்னெகே கேட்டாள். சொன்னதும், ஈரக்கையோடு மச்சானின் தோளைப் பற்றிக்கொண்டாள். "நீ சரியாகச் சொல்கிறாய். விடாதே. உன்னைப்போல் இவளிடம் யாரும் அன்பாக இருந்ததில்லை. இவளைச் சித்திரவதை செய்தவர்களின் பாவத்தையெல்லாம் நீ கழுவியிருக்கிறாய்." என்னைப் பார்த்தாள். "சொல். ஒரு வார்த்தை விடாமல் சொல்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மூன்று நாள் தூக்கமில்லாததால் இருக்கலாம். மச்சான் அதைக் கேட்டுவிட்டு, தொண்டையில் முள் குத்தியவர் மாதிரி ஒரு சத்தம் போட்டார். யானையின் கழுத்தை விடவில்லை.

நான் சமையற்கட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று நினைக்காமலே போனேன். "ஊசி போடணுங்கிறாங்க அக்கா. மச்சான் விடமாட்டேங்கிறார். இன்னொரு தடவை தூக்குங்கிறார்."

அக்கா கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். பிறகு அதையே எடுத்துக்கொண்டாள். முந்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அவள் வருவதைப் பார்த்த பாகன்மார் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். பொக்லைன்காரன் எந்திரத்தை அணைத்தான். அவள் யாரையும் பார்க்காமல் வலை நிழலுக்குள் வந்து, யானையின் முகத்துக்கு நேரே நின்றாள். மேபுவாவின் மேல் கண் அவள் பக்கமாகத் திரும்பியது.

"எழுந்திரு," என்றாள்.

யானையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"எழுந்திரு. மூணு நாளா அவ கழுத்துமேல சாஞ்சுகிட்டிருக்க. அவளுக்கு மூச்சு முட்டுது."

மச்சான் தலையைத் தூக்கினார். யார் பேசுவது என்று அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு கழுத்தை விட்டுத் தள்ளி மண்ணில் உட்கார்ந்தார்.

"ஊசி போடட்டும்," என்றாள் அக்கா.

"நான் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"நான் சரின்னு சொன்னா, புள்ளையைக் கொன்னதுக்குப் பழி தீர்த்துகிட்டான்னு ஆயிடும்."

"யாரு சொல்லுவா?"

"எல்லாரும். நீயும்தான்."

"நான் எதுக்குச் சொல்றேன்," என்றாள் அக்கா. "இவ எங்க கொன்னா?"

பாகன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா குரலை உயர்த்தவில்லை. சமையற்கட்டில் உப்புப் போதுமா என்று கேட்கும் குரல்தான் அது.

"அன்னைக்கு மத்தியானம் நான் சோறு கொண்டாந்தேன், மறந்துட்டியா? பதினாலு சுத்துப் போயிட்டு வந்து நின்னா. அம்பாரி வாருக்கு அடியில தோல் உரிஞ்சு ஈ மொய்ச்சுகிட்டிருந்துச்சு. தாவா சொன்னான், 'போதும்பா, அவுத்துடறேன்'னு. நீ என்ன சொன்ன?"

மச்சான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு. இவங்க முன்னால சொல்லு."

"இன்னொரு சுத்துன்னேன்."

"குடிச்சிருந்த. அவ நகரல. காதுக்குப் பின்னால அங்குசத்தை விட்டு இழுத்த. இழுத்ததுல ரத்தம் என் சோத்துக்கூடைமேல தெறிச்சுது. வலி தாங்காம அவ பின்னால போனா. பின்னால அவன் உன் பேச்சைக் கேக்காம வாரை அவுத்துகிட்டு நின்னான். இதுதான் நடந்துச்சு. ஊருக்கு வந்து யானைக்குக் கிறுக்குன்னு சொன்ன. நீ சொல்லும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன். வாயைத் தொறக்கல. அது என் தப்பு."

"தாவா அம்மா," என்றார் மச்சான்.

"நான் ஏன் இந்தப் பக்கம் வரலேன்னு எல்லாரும் ஒவ்வொண்ணு நெனச்சீங்க. எனக்குத் தெரியும். இவ மூஞ்சியை எப்படிப் பார்ப்பேன்? செய்யாத கொலையை இவ தலையில கட்டிட்டு நாம நல்லவங்களா இருந்துகிட்டோம். நீ தேய்ச்சுக் குளிப்பாட்டினே. நான் உருண்டை உருட்டினேன். அதுல எல்லாம் அது போகல. போகாது. அன்னைக்கு இன்னொரு சுத்துன்ன. இன்னைக்கு இன்னொரு தடவைங்கிற. போதும். அவளை விட்டுடு."

மச்சான் முகத்தைப் பொத்திக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. கடைசியில் டாக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆன்னெகே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொன்னாள்? ஏன் எல்லாரும் இப்படி நிற்கிறீர்கள்?"

சொன்னேன். மூ லே அக்கா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தாவா யார் என்று சொன்னேன். பலகையில் எழுதியிருக்கும் உரிமையாளர் யார் என்றும் சொன்னேன். அவள் மச்சானைப் பார்த்தாள். சற்று முன்னால் அவர் தோளைத் தொட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். துணியை நனைத்துப் பிழிந்து மூ லே அக்காவிடம் நீட்டினாள். மச்சான் பக்கம் அவள் திரும்பவில்லை.

டாக்டர் மருந்தை எடுக்கும் நேரத்தில் அக்கா குனிந்து, கொண்டுவந்த உருண்டையை மேபுவாவின் வாயில் வைத்தாள். யானை அதை விழுங்கவில்லை. நாக்கின்மேல் அப்படியே இருந்தது. அக்கா காத்திருந்தாள். பிறகு முழங்கைவரை கையை விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்து எடுத்து, ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துவிட்டாள்.

மச்சான் காதைப் பிடித்துக்கொண்டார். முதல் ஊசியில் மேபுவாவின் துதிக்கை தளர்ந்தது. இரண்டாவது ஊசிக்குப் பின் அந்த ரம்ப மூச்சு இடைவெளி விட்டு வந்து, பிறகு வராமல் போனது. பாலூ அண்ணன் தொப்பியைக் கழற்றினார். வாலண்டியர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். அக்காவும் மச்சானும் அழவில்லை. யானையின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள்.

பொக்லைனை வைத்தே குழி தோண்டினோம். வாழைத்தார், புகையிலை, ஒரு கூடை சோறு உள்ளே வைத்தோம். மண்ணைத் தள்ளும்போது சாம்பல் விழுந்துகொண்டே இருந்தது.

ஆன்னெகே திங்கட்கிழமையே கிளம்பினாள். இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டியவள். சாலைவரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஏன் என்னிடம் சொன்னாய்?" என்றாள்.

"நீங்கள் கேட்டீர்கள்."

"நான் நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன், இவளுக்கு என்ன நடந்தது என்று." வண்டியில் ஏறிக் கதவை மூடினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, "சமையற்காரப் பெண்ணிடம் நான் சொன்னதையாவது சொன்னாயா, எப்போதாவது?" என்றாள். பையை அந்தச் சன்னல் வழியாக உள்ளே கொடுத்தேன். அடுத்த வருஷம் அவள் வரவில்லை.

புதைத்த இடத்தில் வைக்க நிர்வாகம் ஒரு வாசகம் எழுதித் தரச் சொன்னது. மேபுவா என்ற பெயரையும், பிறந்த ஆண்டு என்று நாங்கள் நம்பும் ஆண்டையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன். இவ்வளவுதானா என்றார்கள். இவ்வளவுதான் என்றேன்.

மச்சானுக்கு ஒரு இளம் ஆண் யானையைத் தருவதாகச் சொன்னார்கள். "இனி எந்த யானைக் கழுத்துலயும் உக்காரமாட்டேன்னு சொல்லிடு," என்றார். சொல்லிவிட்டேன். ஊரில் அவரிடம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தாவாவோடு படித்த பிள்ளைகள் அவரைக் கண்டால் வேறு பாதையில் போனார்கள். பாலூ அண்ணன் மட்டும் சில சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து புகைத்துவிட்டுத் திரும்புவார். அக்கா சமையல் வேலையை விட்டுவிட்டாள். அவளிடம் யாரும் காரணம் கேட்கவில்லை.

மே மாதம் இரண்டாம் வாரம் மழை இறங்கியது. ஒரே நாளில் புகை கரைந்து, மலைகள் பக்கத்தில் வந்து நின்றதுபோல் தெரிந்தன. அந்த வருஷம் அவர்கள் இருவரும் மேல்சரிவில் ஒரு துண்டு நிலத்தை எரித்துச் சுத்தம் செய்து நெல் விதைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். விதைப்புக்கு ஊரே கூடி உதவுவது எங்கள் வழக்கம். நான் போனபோது மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். சரிவு செங்குத்து. மண் இன்னும் கரிந்து கருப்பாக, காலடியில் மெத்தென்று அமுங்கியது.

எங்கள் விதைப்பில் ஆண் முன்னால் போவான். இரும்புப் பூண் வைத்த மூங்கில் கம்பால் குழி குத்திக்கொண்டே ஏறுவான். பெண் பின்னால் வந்து ஒவ்வொரு குழியிலும் ஐந்தாறு நெல் போடுவாள். மச்சான் முன்னால் ஏறினார். அக்கா இடுப்பில் விதைக்கூடையோடு நாலு எட்டுத் தள்ளிப் பின்னால் போனாள். நான் பக்கத்து வரிசையில் குத்திக்கொண்டு வந்தேன். தூறல் விழுந்தது. மச்சான் நிமிராமல் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் கம்பு முழங்கால் அளவு மண்ணுக்குள் போயிற்று. பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அக்கா ஒரு குழியில் நெல் போடாமல் நின்றாள். குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ஆழமாக் குத்தாத," என்றாள். "முளைக்காது."

மச்சான் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மழை அவர் முதுகில் வழிந்தது. பிறகு கம்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த குழியை மெல்லக் குத்தினார்.